ஓடிக்கொண்டிருந்த ராட்டினத்தைப் பிரித்த வேலை

நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே, நால்வழிச்சாலையை ஒட்டிய ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பூங்கா தொடங்கிய நாளிலிருந்து அங்கே நின்ற ராட்சத ராட்டினத்தைப் பிரித்து அகற்றிவிட வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, நிர்வாகத்திலிருந்து வந்த முதல் கேள்வி, ‘நன்றாகத்தானே ஓடுகிறது?’ என்பதுதான். ராட்டினம் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழுதாகி நின்றுபோன ஒன்றை அகற்றச் சொல்லியிருந்தால் யாரும் காரணம் கேட்டிருக்கமாட்டார்கள்.

ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அதன் ஒவ்வோர் ஆரக்காலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்குகிறது. ஒரே தடவையில் முறித்துவிடப் போதாத பாரம்தான். ஆனால் அதுவே லட்சக்கணக்கான தடவை வந்துபோகும்போது, வெல்டிங் முடிகிற விளிம்பில் மயிரிழை விரிசல் பிறந்து, கண்ணுக்குத் தெரியாமலே வளர்கிறது. எங்கள் பக்கத்தில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைக்காரர்களுக்கு வரவு, எங்களுக்குச் செலவு. காற்று ஏறினால் ராட்டினத்தை நிறுத்திவிடுவோம், சரிதான். ஆனால் நிறுத்திய ராட்டினமும் இரவு முழுவதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடிய மணிக்கணக்கைப் பதிவேட்டில் எழுதுகிற நாங்கள் அந்த ஆட்டத்தை எங்கேயும் எழுதுவதில்லை.

பெட்டிகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடியை அடிப்பது வழக்கமான சோதனை. விரிசலுக்குள் புகுந்த சாயம் மட்டும் மெல்லக் கசிந்து வெளியே வரும். அந்த முறை ஒரு பிராக்கெட்டின் மூலையில், பள்ளிக்கூடப் பிள்ளை நோட்டில் இழுத்த மார்ஜின் கோடு போல, ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. அது விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. அதை கிரைண்டரில் தேய்த்தெடுத்து மறுபடியும் வெல்டிங் வைக்கலாம். முன்பும் அப்படிச் செய்திருக்கிறோம். ஆனால் வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறிவிடுவதால், அடுத்த விரிசல் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். மேலும் இதைச் செய்துகொடுத்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. வரைபடம் கையில் இல்லாதபோது, எந்த ரக இரும்புக்கு எந்த வெல்டிங் ராடு போடுவது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. என்னைப் பொறுத்தவரை, வயதைவிட இதுவே பெரிய காரணம்.

பழையது என்பதாலேயே அகற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வியன்னாவில் 1897இல் எழுப்பிய ராட்டினம் இன்றும் ஓடுகிறது. 1944இல் தீக்கிரையான பிறகு அதைச் சீரமைத்தவர்கள், முன்பிருந்த 30 பெட்டிகளில் 15ஐ மட்டுமே திரும்ப மாட்டினார்கள். ஆனால் 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டிய 264 அடி ராட்டினத்தை, இரண்டு தடவை இடம் மாற்றிய பின், 1906இல் வெடிவைத்துத் தகர்த்து இரும்பாக விற்றுவிட்டார்கள். எங்கள் நிர்வாகத்திடம் நான் இரண்டையும் சொன்னேன். இரண்டாவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 2016இல் சென்னைப் புறநகர்ப் பூங்கா ஒன்றில் சோதனை ஓட்டத்தின்போது நடந்த விபத்தில் இறந்தவர் அங்கே வேலை பார்த்த ஊழியர் என்பதை நினைவூட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது.

பிரிக்கும்போது, ராட்டினத்தைக் கம்பிவடத்தால் தூணோடு கட்டிவிட்டு, எதிரெதிர்ப் பெட்டிகளை ஜோடி ஜோடியாகத்தான் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாரம் குறைந்தால் மறுபக்கம் தானாகவே கீழே இறங்கிவிடும். பெட்டிகள் இறங்கியபின், ஹைட்ரா கிரேனில் பிடித்துக்கொண்டு ஆரக்கால்களை கேஸ் கட்டிங்கில் அறுத்தார்கள். அடிப்பக்கக் குழாய் ஒன்றில் தீ பட்டுத் துளை விழுந்ததும் கறுத்த துருத் தண்ணீர் கொட்டியது. எந்த மழையில் எந்த இடுக்கு வழியாக உள்ளே போனதோ, இறங்க வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. வெளியே பல ஆண்டுப் பெயின்ட் பளபளப்பாக இருக்க, குழாயின் சுவர் உள்ளிருந்தே தகடு தகடாக உரிந்திருந்தது. என் சிவப்புச் சாயம் வெளிப்பக்கத்தைத்தானே பார்க்கும்?

இதற்கிடையே, கோயில் கொடைகளுக்கும் பொருட்காட்சிகளுக்கும் ராட்டினம் போடுகிற ஒருவர் வந்தார். “அண்ணாச்சி, ஷாஃப்டையும் ஹப்பையும் மட்டும் தாங்க, மிச்சத்தை நான் செஞ்சுக்கிடுதேன்” என்றார். ராட்டினத்தின் நடு அச்சும், ஆரக்கால்கள் வந்து சேரும் மையக் குடமும்தான் அவர் கேட்டவை. பழைய இரும்பின் விலையைவிட நல்ல விலைதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தொழிலில் புதிது வாங்க எத்தனை பேருக்கு முடியும்? ஆயினும், நாங்கள் ஏற்றத் துணியாத இரும்பில் இன்னோர் ஊர்த் திருவிழாவில் பிள்ளைகள் ஏறுவதற்கு வழிவிட முடியாது என்பதால், மோட்டாரை மட்டும் அவருக்கு விற்றுவிட்டு, ஷாஃப்டையும் ஹப்பையும் என் கண்முன்னே துண்டாக அறுக்கச் சொன்னேன். அந்த வித்தியாசப் பணம் இன்னமும் கணக்குப் பிரிவில் பேசப்படுகிறது. ஃபைபர் பெட்டிகளைப் பழைய இரும்புக் கடைக்காரர் தொடவே மறுத்துவிட்டார். முன்பெல்லாம் உவரியில் வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர்தான் வந்து அவற்றைச் சரிசெய்து கொடுப்பார். அவருக்கும் அவை வேண்டாமாம்.

புதிய ராட்டினத்துக்கு ஆர்டர் கொடுத்தபோது மூன்று நிபந்தனைகள் போட்டேன்: ஒவ்வொரு குழாயின் அடியிலும் தண்ணீர் இறங்கத் துளை, ஹப்பைக் கழற்றாமலே சோதிக்கும்படி திறப்பு, முழு வரைபடமும் எங்கள் கையில். முதல் இரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார்கள். வரைபடம் வராமல் கடைசித் தவணைப் பணம் போகக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.