பனிமூட்டத்தில் ஃபோகஸ் பிடிப்பது

"ஃபோகஸ் அவுட்" என்று சொல்லித் தள்ளிவிடும் படங்கள் பலவற்றில் உண்மையான கோளாறு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் ஒரு தேயிலைச் செடியோ பின்னால் ஒரு கல்லோ கூர்மையாக இருந்தால் கெமரா தவறான இடத்தில் ஃபோகஸ் பிடித்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. மலை தெளிவாக இருந்து, கொழுந்து பறிப்பவரின் விரல்கள் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. படம் முழுவதும் வெளிறியிருந்தால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்.

நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் ஓட்டோ ஃபோகஸ் திணறுவதற்குக் காரணம் பனிதான். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓர் ஓரம் கெமராவுக்கு வேண்டும். பனி அந்த வித்தியாசத்தை அழித்துவிடுவதால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் போட்டால் இன்னும் மோசம். ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி வந்துவிடும்.

ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, நீங்கள் எடுக்க நினைக்கும் பொருள் இருக்கும் அதே தூரத்தில் ஒரு நிழல் மரத்தின் தண்டையோ லயத்துக் கூரையின் விளிம்பையோ குறிவையுங்கள். ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடியே கெமராவைத் திருப்பி எடுங்கள். ஃபோனில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்.

பிடிக்க எதுவுமே இல்லாவிட்டால் மெனுவலுக்குப் போங்கள், அதாவது லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பி நீங்களே ஃபோகஸ் பிடியுங்கள். லென்ஸில் உள்ள 18, 50, 200 என்பவை குவியத்தூரம், அதாவது எவ்வளவு அகலமாகக் காட்சி விழும் என்பதைத் தீர்மானிப்பவை. ஃபோகஸ் தூரம் வேறு. ஏபிஎஸ்-சி கெமராவில் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சர் உள்ளது) 18 மிமீ, லென்ஸ் துளையின் அளவு எஃப்/8 வைத்து 2 மீற்றரில் ஃபோகஸ் பிடித்தால் ஏறக்குறைய 1 மீற்றரிலிருந்து தொலைவு மலை வரை கூர்மையாக வரும். முன்செடியும் பள்ளத்தாக்கும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வளையத்தைக் கடைசி வரை திருப்பிவிடாதீர்கள். பல லென்ஸ்கள் முடிவிலிக் குறியையும் தாண்டிச் சுழலும், மலை மங்கிவிடும். திரையில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தே நிறுத்துங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள ‘உலக முடிவு’ மலைவிளிம்பில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் பனி மூடிவிடும். அங்கே எந்த ஃபோகஸும் உதவாது, முன்னதாகப் போவதுதான் வழி.

குளிரிலிருந்து சூடான அடுப்படிக்குள் கெமராவை அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துவிட்டு, கெமராவைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுகக் கட்டி உள்ளே கொண்டுபோங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பிரிக்கலாம். ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

கொழுந்து பறிப்பவர்களை எடுப்பதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். நிறை பார்த்துக் கூலி கிடைக்கும் வேலை அது. படத்துக்காக நிற்கச் சொல்வது நியாயமில்லை. 200 மிமீ லென்ஸில் ஷட்டரை 1/320 செக்கன் அல்லது அதைவிட வேகமாக வைத்து, அசையும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் முகத்தைக் குறிவைத்தால் அவர்கள் பறித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடலாம்.