சோபாவுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர்?

ஜனவரி 10, 2026, சனி

தானே ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரோபோ வேக்யூம் வந்து இறங்கியாச்சு. பெட்டியைப் பிரித்த கையோடு இன்ச் டேப்பும் நானுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மிஷினின் அகலம் 35 செ.மீ. உயரம், தலையில் இருக்கும் லேசர் கொண்டையையும் சேர்த்து 9.7. சோபாவுக்கு அடியில் 8தான் இருக்கிறது. உள்ளே போகவே முடியாது, அதனால் மாட்டவும் மாட்டாது. தூசி மட்டும் அங்கேயே குடியிருக்கும். கட்டில்தான் வில்லங்கம். ஓரத்தில் 10, நடுப்பலகை தொய்ந்த இடத்தில் அதற்கும் குறைவு. பாதி தூரம் போய் கொண்டை இடித்து நின்றுவிடும். 11, 12 செ.மீ.க்குத் தூக்கு, இல்லையா, அடியை முழுசாக அடைத்துவிடு. இரண்டுங்கெட்டான் உயரம்தான் வம்பு.

ஜனவரி 12, திங்கள்

ஆசாரி வந்து சோபாவுக்கும் கட்டிலுக்கும் கால்கட்டை அடித்துக் கொடுத்தார். "எலி போறதுக்கா சார் இவ்ளோ இடம்?" விளக்கினேன். சிரிக்கவில்லை. கூலியை மட்டும் யோசிக்காமல் சொன்னார்.

டிவிக்குப் பின்னால் தொங்கிய வயர்களைச் சுவரோடு கிளிப் போட்டு ஏற்றிவிட்டேன்.

ஜனவரி 14, புதன், போகி

குஞ்சம் வைத்த கார்ப்பெட் பரணுக்குப் போனது. குஞ்சம் பிரஷ்ஷில் சுற்றினால் மிஷின் நின்றுவிடும். அம்மாவுக்கு மனசில்லை. "போகிக்குப் பழசைத்தானே கழிப்பாங்க, நல்லதையுமா?" எரிக்கவில்லையே, எடுத்துத்தானே வைக்கிறேன் என்றேன். அன்று முழுக்கப் பேச்சில்லை.

ஜனவரி 17, சனி

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே வாசலில் கறுப்பு கிரானைட் பட்டை. அதன் முன்னால் வந்ததும் மிஷின் மிரண்டு பின்வாங்குகிறது. காரணம் அதன் வயிற்றில் இருக்கும் சென்சார். அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் பள்ளம் என்று கணக்குப் போடும். கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் பட்டையைப் படிக்கட்டு என்று நினைத்துக்கொள்கிறது. சென்சார் மேலேயே டேப் ஒட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்தால் மிஷின் உருண்டு விழ வேண்டியதுதான். நான் பட்டையின் மேல் வெளிர் நிற வினைல் ஷீட்டை வெட்டி ஒட்டினேன். இப்போது தாண்டுகிறது. பார்க்கச் சுமார்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

மிஷின் லேசரால் அளந்து வரையும் மேப்பில் எங்கள் வீட்டுக்கு ஓர் அறை கூடியிருக்கிறது! வார்ட்ரோப் கதவு தரைவரை கண்ணாடி. லேசர் அதில் பட்டுத் திரும்பியதில், சுவருக்கு அந்தப் பக்கமும் ஓர் அறை இருப்பதாக வரைந்துவிட்டது. சதுர அடி விலைக்கு நல்ல லாபம். கொண்டை உயரத்தில் கதவில் மங்கலான ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி மேப் எடுத்தேன்; அந்த அறை போயே போச்சு.

சாப்பாட்டு மேஜை நாற்காலிகளுக்கு வேறு வழியில்லை. கால்களுக்கு நடுவே 35 செ.மீ. உடம்பு புகுந்து திரும்ப இடமில்லை. ஓட்டுமுன் மேஜை மேல் கவிழ்த்துவிடுகிறோம்.

ஜனவரி 21, புதன்

பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்க வரும் அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டார். மிஷினை ஒருதரம்தான் பார்த்தார். பிறகு குனிந்து, மாப்பை சோபாவுக்கு அடியில் சுவர்வரை விட்டு இழுத்தார். "இப்பத்தான் தம்பி கை போவுது. எத்தன வருஷமா சொல்றேன்."

சொல்லியிருக்கிறார்தான். ஆசாரியைக் கூப்பிட எனக்கு ஒரு மிஷின் வர வேண்டியிருந்தது.

பீரோவையும் தூக்கச் சொல்கிறார். ஆசாரிக்குப் போன் போட்டிருக்கிறேன்.