அப்பச்சியின் அம்பாசடர் மறுபடி இழுக்கிறது

மூன்று வாரமாக உயிரை எடுத்த கோளாறு இன்று தீர்ந்தது. அப்பச்சியின் பெட்ரோல் அம்பாசடருக்கு ஒரிஜினல் கிடைக்காமல் வெளித் தயாரிப்பு டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) வாங்கிப் போட்டேன். காரைக்குடிக்குள் நன்றாகத்தான் ஓடும், ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு குன்றக்குடி ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சத்தம். டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பின்னால் தள்ளினால் சத்தம் போகும், கூடவே இழுவையும் போய் இன்ஜின் சூடேறிவிடும்.

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை இன்ஜின் புல்லியில் அடித்துப் பார்த்தால் (டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்) குறி சரியாகவே நின்றது. அங்கேதான் ஏமாந்தேன். மெக்கானிக் அண்ணன் ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார், குறி சட்டென்று முன்னால் ஓடிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே, வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அட்வான்ஸ் வெயிட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் இரண்டும் ரொம்ப லேசு, வேகம் ஏறுவதற்குள் முழு அட்வான்ஸும் வந்துவிடுகிறது. நல்லவேளை பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் காயலான் கடைக்குப் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். அதன் ஸ்பிரிங் அப்படியே பொருந்தியது. அப்புறம் டைமிங்கை மறுபடி வைத்தோம்.

சாயங்காலம் ஆச்சியை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி போய் வந்தேன். சத்தமே இல்லை.