அம்மப்பாவின் பித்தளை நுணுக்குக்காட்டி: நாலு மாத வேலை

அம்மப்பா டொக்டராக இருந்தவர். அவருடைய பித்தளை நுணுக்குக்காட்டி மானிப்பாய் வீட்டில், அம்மாவின் அலுமாரிக்கு மேலே, மரப்பெட்டிக்குள் கிடந்தது. மாசியில் அதைக் கையில் எடுத்தேன், இப்போது ஆனி. என்ன செய்தேன், எங்கே பிழை விட்டேன், என்ன மிச்சம் என்று எழுதி வைக்கிறேன். இப்படியான கருவி வீட்டில் உள்ளவர்கள் எடுத்த எடுப்பில் பித்தளைப் பொலிஷைத் தேடி ஓடக்கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

எங்கள் வீட்டில் அது நடந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு இரண்டு நாளைக்கு முதல் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் கிணற்றடிக்குப் போயின. பழப்புளியும் சாம்பலும் தும்பும் வைத்து அம்மா ஒவ்வொன்றாகத் தேய்க்கிறார். அந்த வரிசையில் இதுவும் இருந்தது. நான் போய்ப் பார்க்கும்போது தூண் ஒரு பக்கம் புதுக்குடம் மாதிரிப் பளபளத்தது, மற்றப் பக்கம் கறுத்த தேன் நிறத்தில் இருந்தது. "அப்பான்ர சாமான், பொங்கலுக்கு இதுவும் துலங்கட்டும் எண்டு பார்த்தன்" என்றார். அவர் நினைத்ததில் என்ன பிழை? ஆனால் அந்தத் தேன் நிறம் அழுக்கில்லை. பழைய கருவிகளின் பித்தளையை இளஞ்சூடாக்கி, மதுசாரத்தில் கரைத்த அரக்கை மெல்லிசாகப் பூசி விடுவார்கள். காற்றும் வியர்வையும் உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்தப் பூச்சுத்தான். புளியும் சாம்பலும் ஐந்து நிமிடத்தில் அதை உரித்துவிட்டன. உரிந்த பக்கம் மூன்று கிழமைக்குள் மறுபடி மங்கி, விரல்ரேகை விழத் தொடங்கியது. உரியாத பக்கம் அன்று இருந்தபடியே இருக்கிறது.

அன்றைக்குத்தான் இதை நானே பொறுப்பெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

குழாயில் எர்ண்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார் என்று பொறித்திருக்கிறது, கீழே ஆறு இலக்கத்தில் ஒரு எண். வயதைக் கண்டுபிடிக்க அந்த எண்ணே போதும். ஜேர்மனியின் லைட்ஸ் நிறுவனம் தன் 100,000ஆவது நுணுக்குக்காட்டியை 1907இல் கிருமிகளை ஆராய்ந்த றொபேட் கோக்குக்குப் பரிசாகக் கொடுத்தது, 150,000ஆவதை 1912இல் இன்னொரு மருத்துவ ஆய்வாளரான போல் ஏர்லிக்குக்கு. எங்களுடையது இரண்டுக்கும் இடையில், ஒரு இலட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம். அம்மப்பா பிறந்ததே 1909இல். ஆக, அவர் கொழும்பில் படிப்பை முடித்து வரும்போது வேறொருவர் பாவித்ததைத்தான் வாங்கியிருக்கிறார். அவருக்கு முதல் அது எந்த டொக்டரின் மேசையில் இருந்ததோ.

கருவி இந்த நிலைக்கு வந்ததற்கு வயது மட்டும் காரணமில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரை விட்டு வெளியேறிய எல்லோரையும் போல எங்கள் வீட்டாரும் கையில் கிடைத்ததோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள். பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்து பார்த்தபோது அந்த அறையில் பாதி ஓடு இல்லை. மாரி முழுக்க மழை பெட்டிக்கு மேலே விழுந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களில் முக்கால்வாசி போய்விட்டது, இது மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்தது. அம்மா துடைத்துக் காயவைத்து மூடி வைத்ததோடு சரி, அதன் பிறகு இந்தப் பொங்கல் வரை எவரும் திறக்கவில்லை. உருக்குத் திருகாணிகளில் துரு, வில்லைகளில் பூஞ்சணம், ஆடியில் ரசம் போய்ப் புள்ளி புள்ளி. எல்லாம் அந்த ஒரு மாரியின் வேலை.

முதல் இரண்டு கிழமை நான் எதையும் கழற்றவில்லை. படம் மட்டும் எடுத்தேன், எல்லாப் பக்கமும், ஒவ்வொரு திருகாணித் தலையும். பிறகு பித்தளையைத் துடைக்க என்ன பாவிக்கலாம் என்று அடியின் உட்பக்கத்தில் சோதித்தேன். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இரண்டாவது தடவையே மஞ்சளாகிவிட்டது. அரக்கு மதுசாரத்தில் கரையும் என்று தெரிந்தும் ஏன் அதை எடுத்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை. ஒரு சதக்காசு அளவுதான், கண்ணில் படாத இடம், தப்பினேன். அதற்குப் பிறகு காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி சவர்க்காரம், பழைய பருத்தி வேட்டித் துண்டு, உடனே உலர்ந்த துணியால் ஒத்தி எடுப்பது. அவ்வளவு போதும். நூறு வருட ஊத்தையில் பாதி அதிலேயே போய்விட்டது.

அடுத்தது பெரிய திருகு. குழாயை ஏற்றி இறக்கும் பற்சட்டமும் பற்சில்லும் கல்லாய் இறுகிப் போயிருந்தன. துரு என்று நினைத்தேன். பித்தளை எங்கே துருப்பிடிக்கப் போகிறது? பழைய கிறீஸ்தான் காய்ந்து மெழுகு மாதிரி ஆகியிருக்கிறது. இந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் பல் முறியும், முறிந்த பல்லை எவராலும் திரும்ப வைக்க முடியாது. வில்லைகள் எல்லாவற்றையும் முதலில் கழற்றிப் பக்குவமாக வைத்துவிட்டு, இரவு இரவாக ஊசியால் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டேன். காலையில் தலைமயிர் உலர்த்தும் மெசினால் கொஞ்சம் சூடு காட்டி, திருகை இரண்டு விரலால் மட்டும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்பதாவது நாள் மயிரிழை அளவு அசைந்தது. பதினோராம் நாள் குழாய் மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், மேலே வந்தது. குசினியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, இனி உதைக் கழட்டாதை, பிறகு பூட்டத் தெரியுமே?" என்றார்.

கழற்றத்தான் வேண்டியிருந்தது. சின்னத் திருகு தூணின் உச்சியில் இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே முக்கோண வடிவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங் சட்டென்று துள்ளும் என்று தெரிந்திருந்ததால் துவாய்க்குள் வைத்துத்தான் திறந்தேன். துள்ளியது, பிடித்துவிட்டேன். ஆனால் அதைத் தாங்கிய சிறிய திருகாணியின் தலை துருவில் கரைந்து, திருப்பியைக் காட்டியதும் பொடியாக உதிர்ந்தது. றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைத் தேடிய நாட்களில், நெற்றியிலும் கையிலும் வடிந்த வியர்வையால் தன் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்துப் போனதாக எழுதியிருக்கிறார். 1897 ஓகஸ்ட் 20 அன்று அவர் தேடியது கிடைத்தது. அந்தத் துருவை நான் கையில் வைத்துப் பார்த்தேன் என்றே எனக்குத் தோன்றியது, வியர்வைக்குப் பதில் எங்கள் மாரி.

அந்தத் திருகாணிக்கு எங்கே போவது? இரும்புக்கடைகளில் அந்தப் புரிக்குக் கிட்டவும் ஒன்றும் வரவில்லை. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணை மிச்சத் துண்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, தோட்டுக்குத் திருகாணி செய்யிறவனுக்கு இது பெரிய வேலையில்லை, ஆனா அளவு பிழைச்சா ரெண்டும் போகும், அவசரப்படுத்தாதையும்" என்றார். பழைய துளையின் புரியை மெழுகில் பதித்து எடுத்தார். அதைப் பார்த்து உருக்குக் கம்பியில் புரி வெட்டினார். முதலாவது இறுகியது, இரண்டாவது ஆடியது, மூன்றாவது தோட்டுக்குள் திருகாணி போவது போலவே போய் நின்றது. காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

வில்லைகளுக்கு வருகிறேன், இதில்தான் நிதானம் வேண்டும். பார்வைத்துண்டு இரண்டும் ஹைகன்ஸ் வகை, இரண்டே வில்லை, கையாலேயே கழற்றலாம். சவர்க்கார நீரில் கழுவியதும் பூஞ்சணம் போய்விட்டது. ஒன்றில் மட்டும் மரவேர் மாதிரி ஒரு தடம், கண்ணாடியையே அரித்திருக்கிறது, அது இனிப் போகாது. பொருள்வில்லைகள் மூன்று: 3, 7, பிறகு பன்னிரண்டில் ஒரு அங்குல எண்ணெய் வில்லை, அதாவது நுனிக்கும் வழுக்கிக்கும் இடையில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பார்ப்பது. 3, 7 என்பவை எத்தனை மடங்கு பெருக்கும் என்ற கணக்கல்ல, லைட்ஸ் தன் வில்லைகளுக்குக் கொடுத்த வரிசை எண். நானும் முதலில் குழம்பினேன். பொருள்வில்லைகளின் உள்ளே வில்லைகளை ஒட்டியிருப்பது கனடா பல்சம் என்ற மரப்பிசின், சைலீன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் கரைந்துவிடும். எண்ணெய் வில்லையின் நுனியில் பழைய செடார் எண்ணெய் கண்ணாடி மாதிரிக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை எடுக்கச் சைலீன்தான் வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கும் நண்பன் சின்னப் போத்தலில் கொஞ்சம் தந்தான். வில்லைத் தாளின் முனையை நனைத்து, உதறி, ஒரே ஒரு தடவை தொட்டு, உலர்ந்த தாளால் ஒத்தினேன். இருபது தடவைக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு முழுப் பின்னேரம். கடைசித் தாள் மஞ்சளில்லாமல் வந்தபோது நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வட்டம், உள்ளே யன்னலின் வெளிச்சம் தலைகீழாகத் தெரிந்தது.

ஆடிக்கு ஒரு பக்கம் தளவாடி, மறுபக்கம் குழிவாடி. வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் வில்லை மேடைக்குக் கீழே இருப்பதால் எனக்குத் தளவாடிதான் தேவை. யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கடையொன்றில் மெல்லிய ஆடியை அதே வட்டத்தில் வெட்டித் தந்தார்கள். பழையதைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். குழாய் நீளத்தையும் கவனிக்க வேண்டும். லைட்ஸின் பழைய வில்லைகள் 170 மில்லிமீற்றருக்குச் செய்தவை. உட்குழாயை இழுத்து, பொருள்வில்லை பொருந்தும் விளிம்பிலிருந்து பார்வைத்துண்டு உட்காரும் விளிம்பு வரை அளந்து, 170இல் நிறுத்தினேன். 160இல் வைத்துப் பார்த்தபோது எண்ணெய் வில்லையில் ஓரங்கள் கொஞ்சம் பால் போல இருந்தன, 170இல் அது விட்டது.

பெட்டியின் அடித்தட்டில் பதினேழு கண்ணாடி வழுக்கிகள் இருந்தன. அம்மப்பாவின் கையெழுத்தில் சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது, பல உரிந்துவிட்டன. ஒன்றில் "கிளிநொச்சி, 1938" என்று வாசிக்க முடிகிறது, மற்ற எழுத்து கறையான் தின்றது போக மிச்சமில்லை. மலேரியாவுக்கு எடுத்த இரத்தம் என்று அம்மா சொன்னார். காலையில் வடக்கு யன்னலடியில் மேசையைப் போட்டு அவர் பார்ப்பாராம், அந்த நேரம் பிள்ளைகள் எவரும் யன்னலைக் கடந்து ஓடக்கூடாதாம், நிழல் விழுமாம். நானும் அதே யன்னலடியில்தான் வைத்தேன்.

மானிப்பாயில் இருந்துகொண்டு வைத்தியர் கிறீனை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இந்த ஊரில் மேலை வைத்தியத்தைப் படிப்பித்து, பிறகு அதைத் தமிழிலேயே படிப்பித்து, "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" என்று நூல்களும் அச்சிட்டவர். அவர் 1873இல் ஊர் திரும்பும்போது மலேரியாக் கிருமியை உலகத்தில் எவரும் அடையாளம் கண்டிருக்கவில்லை. ஜேர்மன் ஒளியியலாளர் அபே 1878இல் எண்ணெய் வில்லையைச் செய்தார். பிரெஞ்சு வைத்தியர் லவரான் 1880இல் அல்ஜீரியாவில் கிருமியைக் கண்டார். கிறீனிடம் படித்தவர்கள் குளிர்காய்ச்சலை நாடியிலும் நாக்கிலும் கண்டிருப்பார்கள். அறுபது எழுபது வருடத்துக்குள் அதே ஊர்க்காரர் ஒருவர் அதை யன்னலடியில் கண்ணால் பார்த்திருக்கிறார். இந்த இடைவெளியை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

வைகாசி கடைசி ஞாயிறு, வானம் வெள்ளை மேகம், நல்ல சீரான வெளிச்சம். நேர் வெயிலை ஆடியில் விடக்கூடாது, கண்ணுக்குக் கெடுதி. 1938 வழுக்கியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, குழாயைப் பக்கத்திலிருந்து பார்த்தபடி இறக்கி, நுனி எண்ணெயைத் தொட்டதும் நிறுத்தி, பிறகுதான் கண்ணை வைத்துச் சின்னத் திருகைத் திருப்பினேன். முதலில் வெறும் சாம்பல். பிறகு செங்குழியங்கள், நிறம் வெளிறிப் பழைய கடதாசி மாதிரி, ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பும் கூர்மை. ஒரு மணித்தியாலம் தேடியிருப்பேன். ஒரு ஓரத்தில், செங்குழியத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, வளைந்து, நடுவில் கறுத்த மணிகள் குவிந்து, ஒரு பிறை. புத்தகப் படத்தில் பார்த்த அதே வளைவு. பல்சிப்பாரம் என்ற வகை மலேரியாக் கிருமியின் பிறை வடிவம் அது, வேறு எதோடும் மாறாது. கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன், அங்கேயே இருந்தது.

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அம்மப்பா அதைப் பார்க்கவில்லை. அம்மாவை வந்து பார்க்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து நின்றார். "இந்த ஆளுக்குப் பிறகு சுகம் வந்திருக்குமோ" என்றுதான் கேட்டார்.

மிச்சம் உள்ள வேலை: 7ஆம் எண் வில்லைக்குள் இருக்கும் மூட்டம். அதை நான் திறக்கப் போவதில்லை, உள்ளே வில்லைகளின் இடைவெளி மாறினால் முடிந்தது. தெரிந்தவர் கிடைக்கும் வரை அப்படியே இருக்கட்டும். அம்மா தேய்த்த பக்கத்துக்குப் புதிதாக அரக்குப் பூசவில்லை, தேன்மெழுகு மட்டும் மெல்லிசாகப் பூசி மினுக்கியிருக்கிறேன். பெரிய திருகின் விளிம்பில் அரக்கு தேய்ந்து போன ஒரு இடம் இருக்கிறது, பெருவிரல் அகலம். அதற்கு மெழுகும் பூசவில்லை. மிச்சம் பதினாறு வழுக்கிகளுக்கும் எண் போட்டு, தாளில் எழுதியிருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு வருகிறேன், இதுவரை ஐந்து முடிந்தது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலு போட்டிருக்கிறேன். அடுத்த மாரிக்கு முதல் அந்த அறையின் கூரை ஓடுகளையும் ஒருக்கால் ஆளை ஏற்றிப் பார்க்க வேண்டும்.