ஈசிஜி சரியாக வந்த பிறகு

திடீர் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டத் தொடங்கிய முதல் ஓராண்டு, அதன் பெயர் பேனிக் அட்டாக் என்று எனக்குத் தெரியாது; என் மருத்துவக் கோப்பில் சேர்ந்தவை எல்லாம் உடல் சார்ந்த அறிக்கைகளே. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் என்று ஒன்று விடாமல் எடுத்தாகிவிட்டது. எல்லாமே சரியாக இருந்தன. அவசரப் பிரிவில் பணியிலிருந்த மருத்துவர்கள் "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று சொல்லி, அசிடிட்டிக்கு ஒரு மாத்திரையையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. முதன்முறை நெஞ்சு படபடக்கும்போது இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியமும்கூட. தைராய்டு மிகையாகச் சுரப்பதும், இதயத் துடிப்பு தாறுமாறாவதும், ரத்தசோகையும் ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரக்கூடியவை. ஆனால் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு வீடு திரும்பியவளுக்கு, சில நாட்களிலேயே மறுபடியும் விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, இதோ உயிர் போகப் போகிறது என்று தோன்றியபோது, அந்தப் பதில் எந்த வகையிலும் உதவவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவுக்கு அது வாயுப் பிடிப்பு. ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தார். மாமியார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அலுவலகத்தில் மூத்த அக்கா ஒருவர், மனசைத் தளர விடாதே, தைரியமாக இரு என்றார். அவர்கள் யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. தைரியம் என்பதைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு உறைத்தது.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அவர் பேனிக் அட்டாக் என்று பெயர் சொன்னதைவிட, உடம்பில் நடப்பதை விளக்கியதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தேவைக்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்குகிறோம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது, அந்தக் குறைவினால்தான் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப் போய்த் தலை கிறுகிறுக்கிறது. அந்த மரத்துப் போதலை மாரடைப்பு என்று மனம் படித்துக்கொள்வதால் பயம் இன்னும் கூடி, மூச்சு இன்னும் வேகமாகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கிவிடும் என்றும் சொன்னார். மயங்கி விழுந்துவிடுவேனோ என்று கேட்டேன். மயக்கத்துக்குப் பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். இந்தப் பதற்றத்திலோ அது ஏறித்தான் இருக்கும் என்றார். அதுவரை நான் ஒருமுறைகூட விழுந்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனப்பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிடலோபிராம் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டப்பட்டது. முதல் வாரத்தில் படபடப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது, குமட்டலும் இருந்தது. இதை முன்கூட்டியே எச்சரித்திருந்ததால்தான் மாத்திரையைத் தூக்கி எறியாமல் இருந்தேன். பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. அதுவரை சமாளிக்கக் குளோனாசிபாம் மிகச் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் என்று கொடுத்தார்; பழக்கமாகிவிடக் கூடியது என்பதால் நீட்டிக்க மாட்டேன் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாத்திரையால் அலையின் உயரம் குறைந்தது. ஆனால் என் வாழ்க்கை சுருங்கியபடியேதான் இருந்தது. இதைக் கண்டுபிடித்தவர், மனநல மருத்துவர் என்னை அனுப்பிய உளவியலாளர். கைப்பையில் என்னென்ன இருக்கின்றன என்று எடுத்து வைக்கச் சொன்னார். தண்ணீர் பாட்டில், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர், புளிப்பு மிட்டாய், நான்காய் மடித்த ஈசிஜி, சின்னப் பர்ஸில் அந்தக் குளோனாசிபாம் அட்டை. இவை தவிர, பைக்குள் அடங்காதவையும் இருந்தன: கதவோரம் மட்டுமே நிற்பது, கழுத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பது, காபியை விட்டது, மாடிப்படி ஏறினால் துடிப்பு கூடுமே என்று லிஃப்டுக்குக் காத்திருப்பது. ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்றும் ஆகாமல் போனபோது, ஆகாததற்குக் காரணம் அந்தப் பாட்டிலும் மிட்டாயும்தான் என்று மனம் கணக்கெழுதிக்கொண்டது. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்குப் புரிகிற விதத்தில் சொன்னார்: நீங்கள் வட்டியை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அசல் அப்படியே நிற்கிறது.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிதானமாக மூச்சை இழுத்து அதைவிட நிதானமாக விடுவது பலருக்கு உதவுகிறது, எனக்கும் உறங்கும் முன் உதவுகிறது. ஆனால் படபடப்பு வந்ததும் அதைத் துரத்துவதற்கென்றே எண்ணி எண்ணி மூச்சு விடத் தொடங்கியபோது, பயிற்சியும் பையிலிருந்த மிட்டாயைப் போல ஆகிவிட்டது. எண்ணிக்கை தப்பினால் அதுவே புதுப் பயமாயிற்று. அதனால் வெளியே போகும்போது அதைச் செய்யவே கூடாது என்று என் உளவியலாளர் தடுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக அவர் செய்யச் சொன்னது நேர்மாறானது. இதயமும் நுரையீரலும் நலமாக இருக்கின்றன என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகு, தன்னுடைய அறையிலேயே ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். முப்பது நொடிகளுக்குள் உதடு குறுகுறுத்தது, சுண்டுவிரல் மரத்தது, எதிரே தொங்கிய காலண்டரின் எழுத்துகள் விலகித் தெரிந்தன. பேருந்திலும் அலுவலகக் கூட்டத்திலும் என்னை மரணத்தின் விளிம்புக்கு இழுத்துப்போன அதே உணர்வுகள், ஒன்று குறையாமல், நானே வரவழைத்ததாக வந்து நின்றன. "இப்ப நிறுத்திட்டு ஒண்ணும் செய்யாம உக்காருங்க" என்றார். தண்ணீர் கேட்டேன், தரவில்லை. கை நடுங்கியது, கண்ணில் நீர் வந்தது, கோபமும் வந்தது. சில நிமிடங்களில் மரத்த விரல் தானாகவே உணர்வுக்குத் திரும்பியது. பிறகு சுழல் நாற்காலியில் சுற்றினேன், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விட்டேன், அந்தக் கட்டடத்தின் படிகளில் ஓடி ஏறினேன். இவற்றையே வீட்டில் தினமும் செய்யச் சொன்னார். சில வாரங்களில் அந்த உணர்வுகள் சலிப்பூட்டத் தொடங்கின. எனக்கு அந்தச் சலிப்புதான் வேண்டியிருந்தது.

அடுத்து மெட்ரோ. ஆலந்தூரிலிருந்து தேனாம்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்கு அதுதான் எளிய வழி. ஆனால் கிண்டியையும் சின்னமலையையும் மேம்பாலத்தில் கடக்கிற ரயில், சைதாப்பேட்டைக்கு முன் சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள் நுழையும். ஜன்னலில் வெயில் மறைந்து நம் முகம் கண்ணாடியில் தெரிகிற அந்த இடத்துக்காகவே நான் பல மாதங்கள் ஆட்டோவுக்குச் செலவழித்தேன். முதலில் கணவருடன் சின்னமலை வரை, பிறகு தனியாகச் சின்னமலை வரை, பிறகு சைதாப்பேட்டை, அதன்பின் நந்தனம் என்று படிப்படியாகப் பட்டியல் போட்டோம். ஏறும் முன் ஒரு நோட்டில், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று எழுத வேண்டும்; இறங்கியதும் உண்மையில் நடந்ததை எழுத வேண்டும். "கத்திவிடுவேன், 80" என்று எழுதிய நாளில் நடந்தது, பக்கத்துப் பெண்மணி நேரம் கேட்டதும் நான் சரியாகச் சொன்னதும்தான். பயம் உச்சத்தில் இருக்கும்போது நடுவழியில் இறங்கிவிடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. ஒருநாள் அதை மீறி நந்தனத்திலேயே இறங்கிவிட்டேன்; மறுநாள் அங்கிருந்தே மறுபடி ஏறினேன், அவ்வளவுதான்.

பாட்டில், மிட்டாய் என்று எனக்கிருந்த காவல்களிலேயே பெரியது என் கணவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாமலே இருந்தது. முதல் மணியிலேயே போனை எடுப்பார், ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்பார், தேவையானால் அரை நாள் விடுப்புப் போட்டு வந்து நிற்பார். உளவியலாளர் அவரையும் ஒருநாள் வரச் சொல்லி, இனிமேல் அந்த ஆறுதலைச் சொல்லாதீர்கள் என்றார். அவருக்கு அது கல்நெஞ்சத்தனமாகப் பட்டது, எனக்கு அதைவிட. அடுத்த வாரம் ஒரு நாள் ரயிலிலிருந்து, மயக்கம் வருவது போல் இருக்கிறது என்று அழைத்தேன். சற்றுத் தயங்கிவிட்டு, "சரிம்மா, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று இரவு பெரிய சண்டை. அவர் அன்று தன் மேசையில் வேலையே ஓடாமல் என் அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்ததைச் சண்டையின் நடுவில்தான் சொன்னார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு அளிப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும். ஆனால் என் பாலிசியில் புறநோயாளிச் செலவு எந்த நோய்க்கும் இல்லாததால், எனக்கு அதனால் பலன் கிடைக்கவில்லை.

நன்றாகிய பிறகும் மாத்திரையைப் பல மாதங்கள் தொடரச் சொன்னார்கள். பிறகு மருத்துவரின் கணக்குப்படி மெல்ல மெல்லக் குறைத்தோம். குறைக்கும்போது தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது போல ஓர் உணர்வு அவ்வப்போது வந்தது. நோய் திரும்பிவிட்டதோ என்று கேட்டபோது, மாத்திரை விலகும்போது இப்படி வரக்கூடும், நாளாவட்டத்தில் அடங்கும் என்றார், அடங்கியது. படபடப்பு இப்போதும் எப்போதாவது வருகிறது. போன மாதம் ரேஷன் கடை வரிசையில் வந்தது. கைரேகை இயந்திரம் என் வியர்த்த விரலை ஏற்க மறுத்தது, புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.