வேர் என்று பெயர் பெற்றவை

மாசி மாதத்தில் எங்கள் பள்ளியின் பின்வேலியை ஒட்டிய வயலில் உளுந்து பூத்திருந்தது. தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, ஈரம் காயாத வயலில் நின்ற நெற்பயிருக்குள்ளேயே தெளித்துவிட்ட உளுந்து அது. வயல்காரரிடம் கேட்டு ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, குழாயடியில் வாளி நீரில் அலசி, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். வேரில் கடுகளவும் மிளகளவுமாக முண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கீறியதும் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. அந்த நிறம் நம் இரத்தச் சிவப்புக்கு உறவான லெக்ஹீமோகுளோபினால் வருவது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல் அதுதான் காக்கிறது. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "ரைசோபியம், ரைசோம், மைக்கோரைசா, ரைசோபஸ் எல்லாம் ஒரே குடும்பமா டீச்சர்?"

ஒரே குடும்பம் அல்ல. ஒன்று பாக்டீரியா, ஒன்று தண்டு, ஒன்று பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழும் வாழ்வு, மற்றொன்று வெறும் பூஞ்சை. இவற்றை இணைப்பது ரைசா என்ற கிரேக்கச் சொல் மட்டுமே. அதன் பொருள் வேர். பயோஸ் என்றால் உயிர்வாழ்வு என்பதால் ரைசோபியம் வேரில் வாழ்வது ஆயிற்று. 1889இல் அப்பெயரைச் சூட்டிய ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பிராங்க், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மைக்கோரைசா என்ற சொல்லையும் உருவாக்கியிருந்தார். உளுந்தின் முண்டுகளில் வாழும் பாக்டீரியாவை 1982இல் பிரித்தமைத்த பிராடிரைசோபியம் என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் மெதுவாக வளர்வதால், மெதுவான என்ற பொருள் தரும் பிராடி முன்னால் சேர்ந்தது. ஆறிய வடிகஞ்சியில் கரைத்து விதையோடு கலக்கும் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தை நம் விவசாயிகள் இன்றும் ரைசோபியம் என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் கிரேக்க ரகரம், உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் வந்து சேரும்போது இரட்டிப்பது வழக்கம். வாழையும் பழமும் சேர்ந்தால் நமக்குப் பகரம் மிகுவதைப் போன்ற புணர்ச்சிதான் அது. மைக்கோரைசா என்று தமிழில் எழுதும்போது இரட்டிப்பு மறைந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் mycorrhiza என்று கிரேக்க வழியில் எழுதும்போதோ பிள்ளைகள் பிழை விடும் இடமே அதுதான். புணர்ச்சி என்று சொல்லிக் கொடுத்த பிறகு அந்தப் பிழை குறைந்தது.

ஆனால் ரைசோம் என்ற சொல்லை வேர் என்று பிரித்துப் பொருள் சொல்லிவிட்டு நகர முடியாது. பொங்கல் பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தை அவிழ்த்து, கிழங்கின் மேல் படிந்த செதிலை உரித்துப் பாருங்கள். வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும்; கணுவில் மொட்டு இருக்கும். கணுவும் செதிலிலையும் மொட்டும் தண்டுக்கு உரியவை. வேருக்குக் கணு கிடையாது. மஞ்சளின் உண்மையான வேர்கள் அந்தக் கிழங்கிலிருந்து தொங்கும் மெல்லிய இழைகள்தாம். மட்டநிலத் தண்டு என்று நம் பாடநூல் சொல்வது கிரேக்கப் பெயரைவிடச் சரியானது; எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் அதுவும் ஒன்று.

மண்ணுக்குள் இருப்பதையெல்லாம் வேர் என்று அழைத்தது கிரேக்கர் மட்டுமல்லர். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். வரப்பில் படர்ந்த அருகை மெல்ல இழுத்தால், நிலத்துக்கு மேலும் கீழும் ஓடுவது தண்டு என்பதும், ஒவ்வொரு கணுவிலும் அது வேரூன்றுகிறது என்பதும் தெரியும். வாழ்த்தின் அடுத்த வரியில் வரும் மூங்கிலும் மட்டநிலத் தண்டால் பரவுவதே. வாழ்த்து அதனால் பழுதாகிவிடவில்லை. ஒரு துண்டு எஞ்சினாலும் அருகு மீண்டும் தழைப்பதைக் கண்ணால் கண்டவர்கள் சொன்ன வாழ்த்து அது.

வேரின் சுற்றுப்புறத்துக்கு ரைசோஸ்பியர் என்று 1904இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர். தண்ணீர் நிற்கும் சேற்றிலிருந்து நெற்பயிரைப் பிடுங்கினால் வேரில் துருநிறம் படிந்திருப்பதை நடவு, களையெடுப்பு வேலை செய்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். இலைவழி இறங்கிய காற்று வேரிலிருந்து கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்குகிறது. ரைசோஸ்பியரை விளக்க எனக்கு அதைவிட நல்ல படம் கிடைத்ததில்லை.

அதிமதுரத்தின் அறிவியல் பெயரான கிளைசிரைசாவுக்கு இனிப்பு வேர் என்று பொருள். கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் குச்சிகளில் வேரும் இருக்கும், நிலத்தடித் தண்டும் இருக்கும். குறுக்கே வெட்டினால் நடுவில் சோறு என்னும் மென்மையான பகுதி தெரிவது தண்டு. தொண்டை வறட்சிக்காக என் அம்மா இதைத் தினமும் மென்றுவந்தார். மாத்திரை எடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. மருத்துவர் கேட்ட பிறகுதான் அம்மா முந்தானையில் முடிந்திருந்த குச்சியை எடுத்துக் காட்டினார். அதிலுள்ள கிளைசிரைசின், கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுப்பதால், சிறுநீரகம் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுகிறது. மருந்துதானே என்று அளவில்லாமல் மெல்ல வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ரைசோபஸ் என்றால் வேர்க்கால். அதற்கு வேருமில்லை, காலுமில்லை, ரொட்டியில் ஊன்றி நிற்கும் வேர் போன்ற இழைகள் மட்டுமே உண்டு. முடியின் வேரைத் தமிழ் மயிர்க்கால் என்பதால், வேரும் காலும் ஒன்றாக வந்தது எனக்கு வியப்பாகப் படவில்லை. 2021இல் சர்க்கரை நோயாளிகள் பலரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சைக்கு நம் நாட்டில் முதன்மைக் காரணமான ரைசோபஸ் அரைசஸ் என்ற பெயரில் பின்சொல்லுக்கு வேரற்ற என்று பொருள். வேர்க்கால் உடைய வேரற்றது! அகரம் சேர்ந்து இன்மை காட்டும் இடம் இது. ரகரம் இங்கும் இரட்டிக்கிறது.

மருத்துவமனையில் ரைசோடமி என்பது நரம்பு வேரை வெட்டுவது. மூளை முடக்குவாதத்தால் கால்தசைகள் விறைத்துப்போன சில குழந்தைகளுக்கு, தண்டுவடத்தின் உணர்வு நரம்பு வேரிழைகளில் சிலவற்றை மட்டும் தேர்ந்து வெட்டி விறைப்பைத் தளர்த்துகிறார்கள். அதே சொல்லின் மூல வடிவம் பண்டைக் கிரேக்கத்தில் ஒரு தொழில்பெயர்: மூலிகை வேர்களைத் தோண்டி விற்றவர்களை வேர்வெட்டிகள் என்றார்கள். தோண்டும்போது அவர்கள் கடைப்பிடித்த நியமங்களைப் பற்றிப் பண்டைக் கிரேக்கத் தாவர அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதியிருக்கிறார்.

மறுநாள் ஒரு மாணவன் வரப்பிலிருந்து கோரையைத் தோண்டி, இழையில் கோத்ததுபோல் ஐந்து கிழங்குகளோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். வேரா, தண்டா என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் ஊசியையும் கைலென்சையும் கொடுத்தேன். கறுத்த செதிலை நீக்கிவிட்டு, மொட்டு இருக்கிறது டீச்சர் என்றான்.