சுரங்கக் கருத்துக்கேட்புக்குப் போகும் சன்மார்க்க சங்கம், தேவாலயப் பங்கு, ஜமாஅத் கவனத்துக்கு

வடலூர் தருமச்சாலையில் 1867 முதல் அடுப்பு அணையவில்லை. பக்கத்திலேயே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியபோது பலருக்கும் நினைவுக்கு வந்தது வள்ளலாரின் வாடிய பயிர்தான். சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதை மட்டும் சொல்லி உட்கார்ந்தால், பதிவேட்டில் மிஞ்சுவது "எதிர்ப்புத் தெரிவித்தார்" என்ற ஒரு வரி.

நிலக்கரியைத் தாமதமின்றிப் படிப்படியாக விலக்கச் சொன்ன போப் பிரான்சிஸின் 2015 மடலையும், அதே ஆண்டு இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியக் காலநிலை அறிக்கையையும் மனுவில் காட்டலாம். ஒரு பத்தி போதும். மீதிப் பக்கம் கிணற்றுக்கு.

பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத் தரையே மேலெழும்பிவிடும். அதனால் இரவு பகலாக இறைக்கிறார்கள். அது உங்கள் கிணற்றை எவ்வளவு பாதித்தது என்பதுதான் கேள்வி. ஆகவே "தண்ணீர் இறங்கிவிட்டது" என்று பொதுவாக எழுதாதீர்கள். ஐந்து போர்வெல்லாவது எடுங்கள்: சர்வே எண், போட்ட ஆண்டு, அன்றைய ஆழம், இன்றைய ஆழம், மோட்டார் எத்தனை ஹெச்பி. கூட்டத்தில் எழும் சுற்றுச்சூழல் கேள்விகளுக்குச் சுரங்க நிறுவனம் இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் பதில் தர வேண்டும். சர்வே எண்ணோடு வரும் கேள்வியைப் பொத்தாம்பொதுவாக மழுப்ப முடியாது.

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். முதல் வாரமே போய்ப் படித்துவிடுங்கள். நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். புறக்கணித்தால் கூட்டம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது; காலி நாற்காலிகளோடும் கூட்டம் நடந்து முடியும்.

கையெழுத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பங்குப் பேரவையோ ஜமாஅத்தோ சன்மார்க்க சங்கமோ, தேதியிட்ட தீர்மான நகலை இணைத்தால்தான் அது அமைப்பின் மனு. இல்லையென்றால் தனியாள் மனு. அறநிலையத்துறைக் கோயிலில் செயல் அலுவலரிடம் கையெழுத்து கேட்டு அலையாதீர்கள், அவர் அரசு ஊழியர். உழவாரப்பணிக் குழுவின் பெயரில் கொடுங்கள்.

மனுவில் நிலக்கரிக்கான அரசு ஆதரவை நிறுத்தக் கோரும்போது எதை என்று சொல்லுங்கள்: சுரங்க விரிவாக்கத்துக்கு அரசே நிலம் எடுத்துக் கொடுப்பதை. "மானியம் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால், உஜ்வாலா சிலிண்டருக்கு வரும் 300 ரூபாயையும் நாமே வேண்டாம் என்றதாகிவிடும். வழிபாட்டுக்கு வரும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்; அதில் நியாயமும் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அனுமதி கிடைத்துவிட்டால், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தாமதத்தை ஏற்பார்கள். 91-ஆம் நாள் போனால் கதவு திறக்காது.